அக்கா, பேனரைக் கழற்ற மாட்டேன்

என் செல்லப் பார்வதி அக்கா,

உன் மகள் கோமதி எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். பாய்லர் இன்ஜினியர் லைசென்ஸுக்கான பரீட்சை. அடுத்த வாரம் நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். அதிலும் தேறினால்தான் லைசென்ஸ். இல்லாவிட்டால் ஆலையில் அவள் கடைசிவரை உதவியாள்தான்.

முதலில் பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனேன். கட்டணத்தைக் கேட்டதும் பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் துருக்கறை வேட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க கிளாஸுக்கு வராம நேர்முகத்துல ஒருத்தரும் தேறுனதில்ல, அண்ணாச்சி."

"இவ தேறுவா வே! எங்கிட்ட இருக்க பாய்லர் உம்மகிட்ட இருக்கா?"

அப்போது என்னிடம் பாய்லரின் ஒரு திருகாணிகூட இல்லை. அதனால் என்ன? பாதி நெல்லைச் சீமையின் இரும்பு என் தராசில் ஏறி இறங்கியதுதானே? முக்கூடல் பக்கம் ஒரு பழைய அரிசி ஆலையை உடைத்தபோது, வால்வு, பிரஷர் மீட்டர், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் எல்லாம் என் பழைய இரும்புக் கடைக்கு வந்து இறங்கின. கோமதி ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்து மாட்டினாள்.

பாடம் படிக்கிற புத்தகம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அவளும் கூட வேலை பார்க்கும் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கி, தையலைப் பிரித்து மூன்றாகப் பங்கு வைத்துக்கொண்டார்கள். வாராவாரம் ஆலை பஸ்ஸில் கை மாறும். ஒருத்தன் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டால் நீராவி பாதியில் நிற்கும்!

கேள்வி கேட்கும் அதிகாரி நான்தான். "கண்ணாடியில தண்ணியே தெரியல. என்ன செய்வே?" என்பேன். அவள் வாய் திறக்கும் முன்னே, "தண்ணியத் தொறந்து விடணும்!" என்று நானே முந்திக்கொள்வேன்.

"செத்தீங்க மாமா! காஞ்சு கெடக்க இரும்புல தண்ணி விட்டா வெடிச்சிரும். மொதல்ல தீய நிறுத்தணும்."

எனக்குப் புரியவைத்தவளுக்கு எந்த அதிகாரி பெரிது?

அந்தத் தைரியத்தில், அவள் பரீட்சையே எழுதாதபோது, பஸ் நிறுத்தத்தில் பேனர் வைத்துவிட்டேன். 'தேர்வில் வென்ற எங்கள் பெண் சிங்கமே!' மேலே, வீட்டில் மாலை போட்டு வைத்திருக்கிற உன் படம், பெரிதாக. ஊரே திரும்பிப் பார்த்தது.

"ஏன் மாமா இப்படிப் பண்ணுதீங்க? எல்லாரும் சிரிக்காங்க!"

"சிரிக்கவன் சிரிச்சிட்டுப் போறான், ஏட்டி. நான் கழத்த மாட்டேன்."

அவளே கழற்றினாள். ஆனால் கிழிக்கவில்லை. வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் பாய்லரை முழுசாக வரைந்து, என் கடைச் சுவரில் திருப்பி மாட்டினாள். அதைப் பார்த்துத்தான் தேறினாள். தகரம் விற்க வருகிறவர்கள்கூட இப்போது நீராவி எந்த வழியாகப் போகிறது என்று விரலால் காட்டுகிறார்கள்.

"பிள்ளை தேறலைன்னா?" என்று கேட்கிறார்கள் சிலர். தேறாவிட்டால் மறுபடி எழுதுவாள். சுவர் என்னுடையது, ஆணி என்னுடையது. அவர்களுக்கு என்ன வந்தது?

உன் முகம்தான் அக்கா, சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. மூச்சு முட்டுகிறதா? கொஞ்சம் பொறுத்துக்கொள். லைசென்ஸ் வருகிற அன்றைக்கு என் கையாலேயே பேனரைத் திருப்பி மாட்டுவேன். நீ தெருவைப் பார்த்துச் சிரிக்காமல் அது அந்த ஆணியை விட்டு இறங்காது. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
கோமதியின் தாய்மாமன்
இசக்கி