டப்பா லேப்டாப்பில் டெபியன்

மத்திகிரி,
நவம்பர் 1999

முன்னாள் சிநேகிதிக்கு,

லேப்டாப்பை உடனே அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். பெங்களூர் கிளம்பும்போது, "டப்பா லேப்டாப்தானே, நீயே வெச்சுக்கடி" என்று விட்டுப்போனது நீதான். அதில் லினக்ஸ் போட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடிக்களில் ரெட்ஹாட், டெபியன் என்று இரண்டு வகை லினக்ஸ் இருந்தன. நீ ரெட்ஹாட் கட்சி. அதனாலேயே டெபியனை எடுத்தேன். விண்டோஸை ஓர் ஓரமாக விட்டுவைக்கலாம் என்றார்கள். நான் டிஸ்க் முழுவதையும் அழித்தேன்.

நாம் சேர்ந்து எழுதிய ஸ்டோர்ஸ் புரோகிராமின் சோர்ஸ் கோடு அதில் மட்டும்தான் இருந்தது, அது இல்லாமல் புரோகிராமில் ஒரு வரிகூடத் திருத்த முடியாது என்பதும் தெரியும். நீ என் பெயரை மட்டும் அழித்துவிட்டு அதை ஃபேக்டரிக்கு விற்றாய். நான் அப்படி ஓரவஞ்சனை செய்யவில்லை, எல்லாவற்றையும் அழித்தேன்.

பதறாதே, அழிப்பதற்கு முன்பே கோடை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டேன்.

நேற்று ஃபேக்டரியிலிருந்து ஸ்டோர்ஸ் மேனேஜர் வெங்கடசாமி வந்தார். "ரெண்டாயிரம்னு வருசம் போட்டா புரோகிராம் நின்னுடுதும்மா. வித்த அந்தம்மாவக் கேட்டா இன்னிக்கி நாளைக்குங்குது. உங்களால ஆவுமா?" என்றார்.

ஆகும் என்றேன். திங்கட்கிழமை போகிறேன். புரோகிராமைத் திறந்ததும் வரும் திரையில் இனியும் ஒரே பெயர்தான், என்னுடையது.

லேப்டாப் வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள். டப்பாதானே.

இப்படிக்கு,
நீ அழித்த பெயருக்குச் சொந்தக்காரி