கிருபன் அழுத ஆட்டம்

ஆண்டவர் துணை

டோர்ட்மண்ட்,
செப்டம்பர், திங்கட்கிழமை.

அன்பு மகள் பிறின்சிக்கு,

நீ அங்கே ஓக்லண்டில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதினாலும், போன கிழமை நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கன்னம் ஒட்டிக் கிடக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று நீ சொல்வதை அம்மா நம்புவாள், நான் நம்பவில்லை. நாங்கள் இங்கே சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். எனக்குத் தருகிற பிரஷர் குளிசையின் நிறம் மாறிவிட்டது, அதே மருந்துதான், கம்பனி மட்டும்தான் வேறு என்று மருந்துக்கடைக்காரி சொல்கிறாள், எனக்கென்னவோ சரியாகப் படவில்லை, டொக்டரைப் போய்ப் பார்க்க டெர்மின் எடுத்திருக்கிறேன். மேல்வீட்டுக்காரன் எங்கள் குப்பை வாளியில் தன் குப்பையைப் போடுகிறான் என்று நான் சொன்னபோது நீயும் அம்மாவும் சிரித்தீர்கள், போன செவ்வாய் அவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் நீ இடையில் வைத்துவிடுவாய், போன முறை வைத்தாய். வட்ஸ்அப்பில் எழுதினால் அது எங்கெங்கே போய்ச் சேருமோ தெரியாது. ஆகவே கடிதம். முழுவதையும் வாசித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

கிருபனின் மகன் நிதுஷனைக் கட்டப்போகிறேன் என்று நீ சொன்னபோது, கொஞ்சம் பொறு பிள்ளை, விசாரிக்கவேண்டும் என்றேன். முப்பத்தைந்து வருடம் பழகிய மனிதரில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாய், நான் காரணத்தைச் சொன்னேன், ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு அழுததற்காக ஒரு குடும்பத்தையே வேண்டாம் என்பீர்களா அப்பா என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். பொடியனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் சைவம், நாங்கள் வேதக்காரர் என்பதும் இல்லை. என் மனதில் கிடந்தது கிருபனின் அந்த அழுகைதான். உனக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும், அதனால் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் இருபது பேர் மட்டில் கெல்சென்கிர்ச்சனில் அகதிகள் விடுதியில் இருந்தோம். அகதிக் கேஸ் முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, டோர்ட்மண்டுக்கு வருவதற்கே அனுமதிக் கடதாசி வேண்டும். அந்தக் கோடையில் இலங்கை அணி இங்கிலாந்துக்குச் சுற்றுப்பயணம் வந்து ஒரு சின்னக் கவுண்டி அணியோடு மூன்று நாள் ஆட்டம் ஆடியது. கிருபனின் அண்ணர் அந்த ஊரில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். மைதானத்துக்கு வெளியே மேட்டில் ஒரு போன் பூத் இருந்ததாம், அதற்குள் நின்றால் ஆட்டம் தெரியுமாம். அங்கிருந்து அவர் இடைக்கிடை எங்கள் விடுதி நடைவழியில் சுவரில் இருந்த போனுக்கு எடுப்பார். கிருபன் காதில் வைத்துக் கேட்டு எங்களுக்கு உரக்கச் சொல்வான், நாங்கள் படிகளில் நெருக்கியடித்து இருந்து கேட்போம். ஊரில் எங்கள் வீடுகளுக்கு மேல் குண்டு போடுகிற நாட்டின் அணி, தோற்கட்டும் என்று முழுப்பேரும் அன்று கவுண்டிக்காரர் ஆகிவிட்டோம். அந்தக் கவுண்டி வரைபடத்தில் எந்தப் பக்கம் என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் பின்னேரம் இலங்கையின் கடைசி விக்கெட். பந்து உயர எழும்புகிறது என்கிறான் கிருபன், சூரியன் கண்ணில் குத்துகிறது என்கிறான், ஒரு தடித்த வெள்ளைக்காரன் பின்பக்கமாகவே ஓடி ஓடி மல்லாக்க விழுந்து பிடித்துவிட்டான் என்கிறான். விடுதி இடிந்து விழாத குறை. நாங்கள் கட்டிப்பிடித்துத் துள்ளுகிறோம், திரும்பிப் பார்த்தால் கிருபன் போனை வைத்துவிட்டுச் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்தபடி விம்மி விம்மி அழுகிறான். மற்றவர்கள் சந்தோசத்தில் அழுகிறான் என்று நினைத்தார்கள். சந்தோச அழுகை எனக்குத் தெரியாதா? தோற்றது இலங்கை, அழுகிறது கிருபன். எங்களுக்குள் அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் இருக்கிறான் என்று எனக்குச் சுருக்கென்றது. கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கேள்வியை நாலு பேர் முன்னால் கேட்டால் ஒரு மனிதன் பிறகு தலையெடுக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து ஒரு கண் அவன் மேல்தான். என்னோடு ஏன் இவ்வளவு ஒட்டுகிறான் என்று யோசித்தேன், தபால்காரன் வந்து போனதும் கடிதம் வந்ததோ அண்ணை என்று ஒவ்வொரு நாளும் கேட்பான், என் கடிதத்தில் இவனுக்கு என்ன வேலை என்று அதையும் சந்தேகித்தேன். ஒரு மாதம் போல் கழித்து, ஊரில் இருந்த தன் தங்கச்சி வதனி குண்டு விழுந்து செத்துவிட்டாள் என்று சொன்னான். அப்போதுதான் செய்தி வந்தது என்று நினைத்து எல்லோரும் கூட இருந்தோம், சமைத்துக் கொடுத்தோம். அந்தத் துக்கம் வேறு, அந்த அழுகை வேறு என்று நான் தனித்தனியாகவே வைத்திருந்தேன்.

அந்த ஆட்டத்தை ஒவ்வொரு செப்டம்பரிலும் கெல்சென்கிர்ச்சன் தோட்டக் காணியில் கூடி நினைவு கூருகிறோமே, நீயும் சின்னதில் வந்து வாட்டிய இறைச்சி சாப்பிட்டிருக்கிறாய். கிருபன் வெறுங்கையைக் காதில் வைத்துக்கொண்டு கடைசி விக்கெட்டைச் சொல்லவேண்டும், இடையில் ஒருவரும் பேசக்கூடாது, பிடி எடுத்ததும் எல்லோரும் எழும்பிக் கத்தவேண்டும். போன சனிக்கிழமையும் அப்படித்தான். இந்த முறை பென்ஜமின் என்று ஒருவர் வந்திருந்தார், அந்தக் கவுண்டி ஊரிலேயே நெடுங்காலம் இருந்துவிட்டு இப்போது இங்கே மகளோடு இருக்க வந்தவர். எல்லோரும் கத்தி முடிய அவர் என் காதுக்குள் சொன்னார், பிடியோ, அது ரன் அவுட் எல்லோ, நான் எல்லைக் கயித்துக்குப் பக்கத்தில நிண்டு பாத்தனான், கிருபன்ர தமையனும் தேத்தண்ணி இடைவேளையோட வீட்ட போயிட்டாரே என்று.  அழுகையோடு இப்போது பொய்யும் சேர்ந்துவிட்டது. அண்ணர் மைதானத்தில் இல்லையென்றால் அன்று போனில் இவனோடு பேசியது யார்? எங்களைப் பற்றி விசாரிக்கிற ஆட்களா? இப்படிப்பட்ட வீட்டுக்கா என் பிள்ளை போகப்போகிறாள் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டேன். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சம்பந்தம் பேச வருவதாக இருந்தது, வரவேண்டாம் என்று அன்றிரவே சொல்லிவிடுவது என்று நினைத்தேன்.

திரும்பும்போது கிருபனை வேண்டுமென்றே என் காரில் ஏற்றினேன். ஏ நாற்பது நெடுஞ்சாலையில் வழக்கம்போல ஸ்டாவ், ஒரு வாகனமும் அசையவில்லை, முன்னால் லொறி, பின்னால் லொறி, இறங்கி ஓடவும் முடியாது. அங்கே வைத்துக் கேட்டேன். அது ரன் அவுட்டாமே, உன்ர அண்ணர் அங்க இல்லையாமே, அப்ப நீ ஆரோட கதைச்சனி, ஏன் அழுதனி என்று.  அவன் பதிலை அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். ஓம் அண்ணை, பிடி நான் கட்டினதுதான். அண்ணர் வீட்டில இருந்துதான் எடுத்தவர். கவுண்டி வெண்டிட்டுதாம், ரோட்டில சனம் சொல்லுது எண்டார். பிறகுதான் சொன்னார், வதனி இல்லையாம், கொழும்பால அறிவிச்சிருக்கினம் எண்டு. சனம் அகதியா இருந்த பள்ளிக்கூடத்துக்கு மேல குண்டு விழுந்திட்டுதாம், வேற ஆர் ஆர் எண்டு தெரியாதாம். திரும்பிப் பாக்கிறன், எல்லாரும் என்ர வாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள். நீங்கள் முன்படியில இருந்தனீங்கள். உங்களுக்குப் பேசியிருந்த பிளோறன்ஸ் அக்காவும் அதே பள்ளிக்கூடத்திலதானே இருந்தவ. அவ இருக்கிறாவோ இல்லையோ எண்டு தெரியாமல் நான் உங்களுக்கு என்னெண்டு சொல்லுறது? அதுதான் ஆட்டத்தைச் சொன்னன். அண்ணர் காதுக்குள்ள அழுதுகொண்டிருந்தவர், நான் பிடியைச் சொல்லிக்கொண்டிருந்தன்.

பிள்ளை, அப்போது அம்மாவை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள், அவள் ஊரில்தான் இருந்தாள். குண்டு விழுந்தது என்று தினமும் கேள்விப்படுவோம், எந்த இடம், யார் யார் என்று தெரிய வாரக்கணக்காகும். குண்டு விழுவதற்கு முன்பே பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன், கடவுள் காப்பாற்றினார் என்று அம்மாவின் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு விசயமே தெரியும். அந்த ஒரு மாதமும் நான் சிரித்தேன், சாப்பிட்டேன், கால் நீட்டித் தூங்கினேன். கடிதம் வந்ததோ என்று கிருபன் கேட்டுக்கொண்டே இருந்தது எதற்கு என்று இப்போது விளங்குகிறது. என் கடிதம் வந்த பிறகுதான் அவன் தன் தங்கச்சியின் சாவைச் சொல்லியிருக்கிறான். காருக்குள் அவனிடமே, அப்படியென்றால் அந்த நாளைக் கொண்டாடச் சொல்லி ஒவ்வொரு வருடமும் உன்னை இழுத்தோமே, மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அண்டைக்கு ஒருத்தரும் என்னைத் தனிய இருக்க விடமாட்டியள், அது நல்லதுதானே அண்ணை என்றான். பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்த பிறகுதான் முன்னால் பாதை விட்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு இருந்துவிட்டாள். வதனி எனக்குப் பக்கத்திலதான் பாய் போட்டுப் படுத்தவள், நான் வெளிக்கிடேக்க என்ர போர்வையை அவளுக்குக் குடுத்திட்டு வந்தனான் என்றாள். நேற்று அவர்கள் பலகாரத் தட்டோடு வந்தார்கள்.  அம்மாதான் பேசினாள். வதனியின் பெயருக்கு வருகிற ஞாயிறு பூசை ஒப்புக்கொடுக்கப்போகிறோம், நீங்களும் கோயிலுக்கு வரவேண்டும் என்று கிருபனிடம் சொன்னாள், ஓம் வாறன் அக்கா என்றான். சம்பந்தம் பேசியது அவ்வளவுதான். எனக்கு முழுச் சம்மதம், முழு மனதோடு எழுதுகிறேன். கல்யாண நாளை நீங்கள் இருவரும் சேர்ந்து குறித்துச் சொல்லுங்கள், ஆனால் தவக்காலத்தில் வைக்காதீர்கள்.

பென்ஜமினிடம் வாயைத் திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது பிடிதான். மறு பேச்சில்லை. ஆனாலும் அவர் யாரிடமாவது உளறிவிடுவார் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, படத்தை இனிமேல் பக்கவாட்டில் எடுக்காமல் நேராக எடுத்து அனுப்பு. நிதுஷனும் தகப்பனைப் போல வாய் திறவாத பிள்ளை. உனக்கோ என் சந்தேகப் புத்தி அப்படியே வந்திருக்கிறது, அம்மா மறைத்தாலும் எனக்குத் தெரியும். அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. சந்தேகப்படு, ஆனால் அன்றைக்கே பக்கத்தில் போய் இருந்து ஏன் என்று கேள். நான் கேட்டிருந்தாலும் கிருபன் அன்று சொல்லியிருக்கமாட்டான், ஆனால் சுவரில் சாய்ந்து அழுதவன் என் தோளில் சாய்ந்து அழுதிருப்பான்.

ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாராக. அம்மாவின் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
பீலிக்ஸ்