மார்ஜெரி மகளுக்கு எழுதிய காணி

டோர்ட்மண்ட்
18 மே 2025

அன்புள்ள ஸ்வர்ணா அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் இப்ஸ்விச்சில் சுகமாக இருக்க அம்பாள் துணை நிற்கட்டும். எழுத மூன்று கிழமை பிந்திவிட்டது, மன்னியுங்கோ. வாட்ஸ்அப்பில் நன்றி சொன்னால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

ஆரணிக்கு முதல் பல் வந்துவிட்டது. அதற்கு முன் இரண்டு நாள் காய்ச்சல். நான் டொக்டருக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்றாம் தரம் அங்கிருந்த பெண் என் குரலைக் கேட்டதுமே, பல்தான், வேறொன்றுமில்லை என்று வைத்துவிட்டாள். இவர் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்.

"உந்தச் செத்துப்போன வெள்ளைக்காரரின்ர காணியை நீ ஏன் பிள்ளை தேடுறாய்? ஊரில எங்கட காணியே தேடுவாரில்லாமல் கிடக்கு" என்று போனில் கேட்டீர்களே. அன்று ஆரணி அழுததில் போனை வைத்துவிட்டேன், இப்போது சொல்கிறேன்.

என் ஆய்வு முழுவதும் ஹார்டல் என்ற ஒரே குடும்பத்தைப் பற்றியது. உங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நூறு வருடம் இருந்தவர்கள். 1438இல் வீட்டுத் தலைவன் ஜோன் ஹார்டல் இறந்த பிறகு அந்தப் பெயர் ஊர்க் காணிப் பதிவு எதிலும் இல்லை. வம்சம் அழிந்துவிட்டது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அவர்களின் வீட்டுக்காணி, பைக்ஸ்குரோஃப்ட், அழியவில்லை. பிறகு அது தோமஸ் கெம்ப் என்பவனிடம் இருக்கிறது. நம் அம்மாமார் இருவரின் சீதன உறுதிப் பத்திரத்திலும் காணிக்குத்தானே முதலில் பெயர்? அதனால் நான் ஆட்களைத் தேடுவதை விட்டுக் காணியின் பின்னால் போனேன். தோமஸ் அந்த வீட்டு மருமகன், நம் ஊர்ச் சீதனம்போலக் காணி மகளோடு போயிருக்கிறது என்று எழுதினேன்.

என் ஆய்வைப் பார்க்கும் பேராசிரியர் அதை வாசித்துவிட்டு, உங்கள் ஊரில் அப்படி நடக்கலாம், இங்கிலாந்தில் நடந்ததற்கு ஆதாரம் எங்கே என்றார். சரியான கேள்விதான். மே மாதத்துக்குள் ஆதாரம் இல்லையென்றால் அந்த அத்தியாயம் வெளியே. அது போனால் ஆய்வில் மிஞ்ச ஒன்றுமில்லை. நித்திரையில்லாத நாட்கள் அவை. விட்டுவிடப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். "விடுறதெண்டால் விடும். ஆனா பிள்ளையாலதான் விட்டனான் எண்டு பிறகு அவளுக்குச் சொல்லக்கூடாது" என்றார். அந்தக் கோபத்தில்தான் உங்களுக்குப் போன் எடுத்தேன்.

உங்கள் ஊர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கச் சொல்லி நான் கேட்டது ஜோனின் உயிலை மட்டும். அது அங்கே இல்லை என்றதும் வேறு யாராக இருந்தாலும் திரும்பி வந்திருப்பார்கள். நீங்களோ உங்கள் லீவு நாளில் அங்கிருந்த உயில் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, மார்ஜெரி ஹார்டல், விதவை, 1451 என்பதையும் எடுப்பித்துப் படம் பிடித்து அனுப்பினீர்கள். "தேப்பன் எழுதினது இல்லாட்டிப் போகட்டும், தாய் மகளுக்கு என்ன எழுதினவ எண்டு பாரன். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கேல்லை, எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிடக்கு" என்று குரல் செய்தியும் வந்தது.

ஆறாம் வரியில் இருக்கிறது அக்கா. என் மகள் ஆலிஸுக்கு, தோமஸ் கெம்பின் மனைவிக்கு, பைக்ஸ்குரோஃப்ட். பெரிய பித்தளைப் பானை. அவள் பிள்ளைக்குச் சிவப்புப் போர்வை. அவ்வளவுதான். அழிந்தது பெயர் மட்டும். நான் கத்திய கத்தலில் ஆரணி விழித்துவிட்டாள். அழப்போகிறாள் என்று ஓடினேன், அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்! பேராசிரியர் இரண்டு தரம் வாசித்துவிட்டு எழுந்து கை கொடுத்தார். அத்தியாயம் தப்பிவிட்டது. உங்கள் பெயரை நன்றிப் பக்கத்தில் முதலாவதாகப் போடப்போகிறேன். வேண்டாம் என்றாலும் போடுவேன்.

மூல ஏட்டை நானே ஒரு தரம் பார்க்க வேண்டுமாம். ஜூனில் வருகிறேன். ஆரணி போத்தல் பால் வாயில் வைக்கமாட்டாள், அதனால் அவளும் வருகிறாள். வாசிக்கும் அறைக்குள் அவளைக் கொண்டுபோக ஏலாது. இரண்டு மணித்தியாலம் உங்களிடம் விடலாமா? இதுவரை நான் அவளை ஒருவரிடமும் விட்டதில்லை.

ஆரணி பிறந்த முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்குக் கூப்பிட்டபோது வேலை என்றீர்கள். நான் மேலே கேட்கவில்லை, இப்போதும் கேட்கமாட்டேன். பிள்ளை பெறாத கை என்று சனம் எதையும் சொல்லட்டும். பிள்ளையை முதன்முதல் வேறு கையில் கொடுக்கும்போது அது உங்கள் கையாக இருக்கட்டும் அக்கா. மாட்டேன் என்று மட்டும் சொல்லாதேங்கோ.

உங்கள் அன்புத் தங்கை,
கவிசா