பதினோரு மணிச் சங்கு

அக்கா,

இன்று காலை மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். கடலோரத்தில் ஓர் அணுமின் நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது வரை உங்களுக்குத் தெரியும். அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியேறி, ஒரு பையனும் பிறந்து இப்போது தவழ்கிறான். அதைப் பார்க்க நீங்கள் இல்லை. பேச்சின் நடுவே அவள் பக்கம் அபாயச் சங்கு ஊத ஆரம்பித்தது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி.

"டெஸ்ட்டும்மா. மாசாமாசம் ஊதுவாங்க," என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று. இத்தனைக்குப் பிறகும் கண் தானாக அங்கேதான் போகிறது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்திருக்கும்.

நெய்வேலியில் நாம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தபோது நமக்கு நேரம் சொன்னதே சங்குதான். ஷிப்டுக்கு ஷிப்டு ஒன்று. அது போக, மாதம் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அபாயச் சங்கைச் சோதித்துப் பார்ப்பார்கள். அதைக் கேட்டு நம் பிளாக்கில் ஒருத்தியும் பதறியதில்லை. கடிகார முள்ளைச் சரி செய்வோம், உலை வைப்போம். நீங்கள் மட்டும் அடுப்பை அணைத்து, ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, ஆபத்து நீங்கியதற்கான சீரான சங்கு ஊதும் வரை கூடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். 'சங்கு அக்கா' என்று உங்களுக்குப் பெயரே வைத்தார்கள்.

"நல்லா சிரிங்கடி. எங்க வூட்டுக்காரு நெலக்கரி யார்டுல நின்னுகினு இருக்காரு. எனக்கு எல்லாச் சங்கும் நெசந்தான்," என்பீர்கள். உங்கள் ஊரான மேல்பட்டாம்பாக்கத்துப் பேச்சு, கோபத்தில் இன்னும் வேகமாக வரும்.

அன்றும் சோதனை நாள்தான். சங்கு ஊதியபோது என் கடிகாரத்தில் மணி பத்தரைகூட ஆகவில்லை. கடிகாரம்தான் பின்தங்கிவிட்டது என்று முடிவு செய்து, ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பிளாக் முழுக்க அதையேதான் செய்திருக்கிறார்கள். வீசிங் தொந்தரவு உள்ள என் மகள் வராந்தாத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எறங்குடி! கடியாரத்த வுட்டுட்டு புள்ளயத் தூக்கு! பொக வந்துகினு இருக்குது!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தீர்கள்.

யார்டில் குவித்திருந்த நிலக்கரி வெயிலில் தானாகவே பற்றிக்கொண்டதாம். காற்று நம் பக்கம் திரும்பியிருந்தது. நான் ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் தூளியிலிருந்து அவளை நீங்களே எடுத்துவிட்டீர்கள். துண்டுகளை நனைத்துக் கதவிடுக்கில் திணித்தோம். வெளியே பழுப்பாகப் புகை போயிற்று. குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. அவளை மடியில் நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் கணவர் அந்த நேரத்தில் எங்கே, எப்படி இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அவர் பெயரை ஒரு தடவைகூட நீங்கள் எடுக்கவில்லை. சாயங்காலம் கரி பூசிய முகத்தோடு அவர் வாசலில் வந்து நின்றபோதுதான் அழுதீர்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே இரண்டு நாளில் எல்லாம் வேடிக்கைக் கதையாகிவிட்டது. திருப்பி வைத்த கடிகாரத்தை நம்பி மதியச் சாப்பாட்டுக் கூடையோடு முன்கூட்டியே பள்ளிக்கூட வாசலில் போய் நின்றவர்களைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த மாதம் சங்கு ஊதியது. மறுபடியும் முள்ளைத்தான் திருப்பினார்கள். அது எனக்கு இன்றுவரை பயமாக இருக்கிறது, அக்கா. புகையைவிட அதுதான் பயமாக இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதம் பண்ருட்டி வீட்டில் உங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபோது இதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. இன்று வந்தது.

"ஜன்னலச் சாத்திட்டியா?" என்று கேட்டேன்.

"டெஸ்ட்டுன்னு சொல்றேன்ல. ஓவன்ல டைம் செட் பண்ணிட்டு இருக்கேன், இரு."

"அத விடு. புள்ளயத் தூக்கு. போய் ஜன்னலச் சாத்து!" என்று கத்திவிட்டேன். மருமகன் பின்னாலிருந்து என்னவோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். "அச்சு அசல் பெரியம்மாவேதான் நீ," என்றாள் மகள். உங்கள் மடியில் மூச்சுத் திணறிக் கிடந்தவள். அந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது வெறும் கதை.

அடுத்த மாதமும் இதே நேரத்துக்குக் கூப்பிடுவேன். அதற்கடுத்த மாதமும். உங்கள் பெயரை எனக்கு வைத்துக்கொண்டு சிரிக்கட்டும். ஜன்னல் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டால்தான் போனை வைப்பேன்.

இன்று அந்தச் சத்தம் கேட்கவில்லை, அக்கா.