வாஷர் குவியல்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை விழுங்குகிறாரா, இன்னும் பூந்தொட்டிக்குத்தான் ஊட்டுகிறாரா?

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். ஒர்க்‌ஷாப்பில் ஒருவருக்குத்தான் லீவு, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று மேஸ்திரி கைகழுவிவிட்டார். அறையில் போக்கர் ஆடித் தீர்த்துக்கொண்டோம். பந்தயத்துக்குக் காசுக்குப் பதில் இரும்பு வாஷர்கள்; எல்லாம் யாரிடம் சேர்கிறதோ அவருக்கு லீவு.

கடைசியில் நானும் வெல்டர் அண்ணனும் மிஞ்சினோம். என் முன்னால் வாஷர் மலை, அவர் முன்னால் ஒரு பிடி. நான் ஒரு கை தோற்றாலும் மறுபடி ஆடலாம். அவர் தோற்றால் எழுந்து போக வேண்டியதுதான். அந்தத் தெம்பில் ஒன்றுக்கும் உதவாத சீட்டை வைத்துக்கொண்டே வாஷரை அள்ளி அள்ளிப் பந்தயத்தில் தள்ளினேன். பயந்து பயந்து சீட்டைக் கவிழ்த்து, அதுவரை கட்டியதை விட்டுக்கொடுத்தே அவருடைய பிடி கரைந்துபோயிற்று. ஒருமுறை அவர் கவிழ்த்ததைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டு ராஜா; ஆடியிருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார்.

"உன்கிட்ட குவிஞ்சிருக்கு தம்பி, தள்ளுற. எனக்கு இதை விட்டா என்ன இருக்கு?" என்று சிரித்தார். என் சீட்டை நான் காட்டவில்லை.

ஜெயித்தேன் என்று எழுதக் கை வரவில்லை.

என் நீலச் சட்டையை வெயிலில் போட்டு வை. பாப்பாவுக்கு என் போட்டோவைத் தினமும் காட்டு, இல்லாவிட்டால் நேரில் என்னைப் பார்த்து அழுதுவிடப் போகிறாள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அண்ணன் இப்போதுதான் ஊரில் தன் குழந்தையிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் சட்டை கொடுத்துவிட்டுப் போனார். அவர் இன்னும் முகம் பார்க்காத பிள்ளை. அளவு தெரியாமல் பெரிதும் சிறிதுமாக இரண்டு வாங்கியிருக்கிறார்.