குங்குமம் வைத்த கேசட்

ஒக்கலிபுரம்,
12.6.1998

அன்புள்ள விஜிக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஒரே பகலில் ஐந்து முறை செத்த பிறகும் உன் அப்பா சுகம். நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட் வெயிலில் எப்படி இருக்கிறீர்கள்? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா?

பயந்துவிடாதே. உன் தம்பி சுனில் ஒரு குறும்படம் எடுத்தான். சாகக் கிடக்கும் ஒருவர் காபி கேட்கிறார், யாரும் கொடுக்கவில்லை, செத்துப்போகிறார். அவ்வளவுதான் கதை. ஏன்டா இவ்வளவு குறைச்சல் என்று கேட்டேன், பட்ஜெட்மா என்றான். கேமராவும் இல்லை. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்ரீகண்டன் மனமிரங்கி, சந்தாபுராவில் ஒரு கல்யாணத்துக்கு எங்களை வரச் சொன்னான். முகூர்த்தம் முடிந்து ரிசப்ஷன் வரைக்கும் கேமரா சும்மாதான் இருக்கும், மண்டபத்துப் பின்கட்டில் எடுத்துக்கோ, கேசட் மட்டும் உன்னோடது என்றான். தாலி கட்டுவதைத் தனிக் கேசட்டில் எடுத்து, தொடக் கூடாது என்பதற்கு அடையாளமாக அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு வைப்பது அவன் வழக்கம். எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளையின் முதல் படமாயிற்றே என்று காலையில் பூஜை செய்து, சுனிலின் புதுக் கேசட்டுக்கு நானும் ஒரு பொட்டு வைத்திருந்தேன். இரண்டும் ஒரே பையில் கிடந்தன. சுனில் கேட்டபோது எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

அப்பா முகத்தில் பவுடர் பூசிப் படுத்தார். முதல் நாலு தடவையும் செத்தவுடனே சிரித்துவிட்டார். ஐந்தாவது தடவை நன்றாகச் செத்தார். பிறகு ஸ்ரீகண்டன் போட்டுப் பார்த்தால், தாலி கட்டும் இடத்தில் உன் அப்பா காபி கேட்டுக்கொண்டிருக்கிறார். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சாவறதுக்கு உங்களுக்கு வேற முகூர்த்தமே கிடைக்கலயா சார் என்று அப்பாவைக் கேட்டான். முகூர்த்தத்தில் சாவு விழுந்தது என்று மாமியார் அந்தப் பெண்ணைத்தானே ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாள்?

சத்தம் கேட்டுக் கல்யாணப் பெண் வேதநாயகியே வந்தாள். விஷயம் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை சாப்ட்டுத் தூங்கறாங்க, எந்திரிக்கறதுக்குள்ள திரும்ப எடுத்துடுங்கண்ணா என்றாள். கட்டிய தாலியைக் கழற்றலாமா என்றேன். எதுக்குக் கழட்டணும், முதுகுப் பக்கமா எடுங்க, அவரு என் கழுத்துல கைய வெச்சா போதும் என்றாள். மாப்பிள்ளைக்குத்தான் வெட்கம். பாத்திரம் கழுவிய பெண்கள் அட்சதை போட்டார்கள். மேளக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள், அந்த எடத்தப் பாட்டுப் போட்டு மூடிடுவேன் என்றான் ஸ்ரீகண்டன். ஆனாலும் கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று ஒருவர் கத்தினார். யார் தெரியுமா? பிணத்துப் பவுடரோடு உன் அப்பா.

அந்தப் பெண் கூலியாகக் கேட்டது ஒன்றுதான். எனக்கும் உங்க படத்துல ஒரு சீன் வேணும் அண்ணா. ஆகவே கூறைப் புடவையும் மாலையுமாக அவளே காபி கொண்டுவந்து கொடுத்தாள். காபி நன்றாக இருந்ததால் அப்பா சாக மறந்துவிட்டார். சுனில் படத்தை அப்படியே முடித்துவிட்டான்.

போன ஞாயிறு மல்லேஸ்வரத்தில் திரையிட்டார்கள். அந்த மணப்பெண்தான் மரணம் என்றார் ஒருவர். இல்லை, வாழ்க்கை என்றார் இன்னொருவர். சுனில் தாடியைத் தடவிக்கொண்டு, தற்செயல்தான் என் டைரக்டர் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கைப்பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். நான் எடுத்துக் கொடுத்ததை மறந்து, கேசட்டைத் தான்தான் மாற்றிப் போட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், பாவம். சொல்லத்தான் வேண்டும். கை தட்டல் கொஞ்சம் அடங்கட்டும்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. அவன் அடுத்த படம் எடுக்கிறானாம். மாப்பிள்ளையிடம் சொல்லி, வரும்போது நல்ல கேசட்டாக நாலு வாங்கி வா. பொட்டு வைக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். மஞ்சள் குங்குமத்தோடு நீ நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மாவும் சுனிலின் தற்செயலுமான
சந்திரம்மா