எழுத்தைத் தேய்த்தெடுத்த பின்மூடி

அண்ணே,

போன வாரம் ஜெனரல் பஜார் பக்கம் ஒரு சந்தில் நடந்துபோனேன். ஒரு பட்டறையில் பித்தளைக் கைப்பிடிகளைச் சுழலும் துணிச்சக்கரத்தில் பிடித்து மெருகேற்றிக்கொண்டிருந்தார்கள். சூடேறிய துணியும் சிவப்பு மெழுகும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. செத்துப்போன அண்ணனை நினைக்க மற்ற தங்கைகளுக்கெல்லாம் நல்ல வாசனைகள் ஏதாவது இருக்கும். எனக்கு நீங்கள் விட்டுப்போனது இதுதான்.

நம் அப்பா கன்டோன்மென்ட் பங்களாவில் ஒரு மேஜருக்குச் சமையல்காரராக இருந்தார். டைபாய்டு வந்து அந்த மனிதர் கிடையாய்க் கிடந்தபோது, கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்டியவர் அப்பா. மேஜர் ஊரைவிட்டுப் போகும்போது தன் கையிலிருந்த சுவிஸ் தங்கக் கடிகாரத்தைக் கழற்றி, பின்மூடியில் எழுத்து வெட்டவைத்து அப்பாவுக்குக் கொடுத்தார். ‘சமையல்காரர் ஞானமுத்துவுக்கு, என் உயிரைக் காத்ததற்கு’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத அப்பா, எந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார். உங்களுக்கும் எனக்கும் அதுதானே முதல் இங்கிலீஷ் பாடம்.

அவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. கட்டிக்கொண்டே சமைத்தார். இரும்பு அடுப்புக் கதவில் இடித்து ஓரத்தில் ஒரு குழி விழுந்தது. வார் மாட்டுகிற முனைகள் தேய்ந்து மெலிந்தன. ஆனாலும் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு நீங்கள் குஷாய்குடா பக்கத்துப் பெரிய கம்பெனியில் ஆபீசர் ஆனீர்கள். அப்பாவின் சம்பளத்தில் படித்து ஆனீர்கள் என்பதை நீங்கள் சொல்ல மாட்டீர்கள், அதனால் நான் சொல்கிறேன். வீடு வாங்க ஊரில் வேறு இடமே கிடைக்காமல் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் குடியிருக்கும் சைனிக்புரிக்குப் போனீர்கள். ஒரு பக்கம் கர்னல், மறுபக்கம் பிரிகேடியர். அங்கே வீடு வாங்கிய மூன்றாம் மாதமே, குடிபோகும் முன்பே, நீங்கள் நடக்கும் நடை மாறிவிட்டது. பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்திராத மனிதர், கேட்டைத் திறக்கும்போதும் நெஞ்சை நிமிர்த்த ஆரம்பித்தீர்கள்.

கிரகப்பிரவேச ஜெபத்துக்கு ஒரு மாதம் முன்பு மௌலா அலியில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அப்பா என்னோடுதான் இருந்தார். “குடுங்கப்பா, கேஸ் ரொம்ப அடிபட்டிருக்கு. புதுசு மாதிரி பண்ணித் தர்றேன்” என்றீர்கள். அப்பாவுக்குச் சந்தோஷம். மகன் கேட்கிறானே என்று உடனே கழற்றிக் கொடுத்தார்.

புதிது போலத்தான் கொண்டுவந்தீர்கள். குழி இல்லை. மெலிந்த முனைகளில் தங்கம் வைத்து ஊதி நிரப்பியிருந்தது. கண்ணாடி போல மின்னியது. அந்த மெழுகு நெடி அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைத் திருப்பினார். பின்மூடியில் அவர் முகம்தான் தெரிந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

“எழுத்து எங்கய்யா?”

“பாலிஷ் போடுறப்ப போயிருச்சுப்பா. என்ன பண்றது?”

அப்பா அதைத் துண்டால் ஒரு தடவை துடைத்தார். பிறகு, “நல்லாத்தான் இருக்குய்யா. நீயே கட்டிக்க” என்று உங்களிடமே நீட்டினார். நீங்களும் கூச்சமே இல்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். அந்த நிமிடத்தில்தான் உங்கள்மேல் இருந்த மரியாதை எனக்குப் போனது.

மறுநாளே அதைப் பாலிஷ் போட்ட கடிகாரம் பழுது பார்க்கிறவரைத் தேடிப் போனேன். எழுத்தை மறுபடி வெட்ட முடியுமா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். “நக்கோ அம்மா, வேணாம். தங்கம் காகிதம் மாதிரி ஆயிடுச்சு. உளி வெச்சா ஓட்டை விழும்.” அப்படியானால் எதற்கு அவ்வளவு தேய்த்தீர் என்று கத்தினேன். அவருக்கு என் கோபம் விளங்கவே இல்லை. “மேரெகு கைக்கு பூச்ரே? என்னை ஏன் கேக்குறீங்க? குழிய மட்டும் எடுத்தா போதும்னேன். ஒரு எழுத்துகூட நிக்கக் கூடாதுன்னு வாட்ச் கொண்டுவந்த சாப்தான் சொன்னாரு” என்றார். சொல்லிவிட்டு அடுத்த வேலையை எடுத்துக்கொண்டார்.

பாலிஷில் தானாகப் போனதாம்! பொய்யையாவது உருப்படியாகச் சொல்லியிருக்கலாம்.

கிரகப்பிரவேசத்தன்று அப்பாவுக்குக் கோட்டு மாட்டிவிட்டு, “கூட்டம் உங்களுக்கு ஒத்துக்காது” என்று உள்ளறையில் உட்கார வைத்தீர்கள். ஹாலில் பக்கத்து வீட்டுக் கர்னல் உங்கள் மணிக்கட்டைப் பார்த்தார். அவரும் தமிழர்தான்.

“அருமையான வாட்ச். பழசு போலிருக்கே?”

“அப்பாவோடது சார். ரெஜிமெண்ட்ல இருந்தாங்க.”

“அப்படியா! என்ன ரேங்க்?”

நீங்கள் சிரித்துக்கொண்டே சமோசா தட்டை நீட்டினீர்கள். நான் பின்னால் டீயோடு நின்றிருந்தேன்.

“குக், சார்,” என்றேன். “மேஜர் வீட்டுச் சமையல்காரர். உள்ளதான் இருக்காங்க, கூப்பிடட்டுமா?”

“கூப்பிடுங்களேன். எதுக்கு உள்ள இருக்கார்?” என்று கர்னல் எழுந்தேவிட்டார். நீங்கள் அவசரமாக, “தூங்குறாங்க சார்” என்றீர்கள். அப்பா தூங்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாசலில் என்னைப் பிடித்து, “மானத்த வாங்கிட்டியே” என்றீர்கள். யாருடைய மானம் என்று கேட்டேன். நீங்கள் விருந்தாளிகளிடம் திரும்பிப் போய்விட்டீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா, “ஏம்மா அப்படிச் சொன்ன? பாவம், அவனுக்குச் சங்கடமாப் போச்சு” என்றார். அவர் மனசு அப்படி. அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கமே நீங்கள் வரவில்லை. கடைசி நாட்களில் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அடக்கத்துக்கு வந்தீர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்தக் கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு. நான் உங்களோடு பேசவில்லை.

எத்தனையோ வருடம் கழித்து, சென்ற மழைக்காலத்தில் நீங்களும் போனீர்கள். கல்லறைத் தோட்டத்தில் உங்கள் மகன் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தான். ‘ராணுவப் பாரம்பரியமுள்ள குடும்பத்தில் பிறந்து’ என்று ஆரம்பித்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன், நீங்கள் சொன்னதைத்தான் நம்பினான். ஜெபம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். ஆடிப்போவான் என்று நினைத்தேன்.

“நிஜங்கானா அத்தே?” என்றான் தெலுங்கில். “தாத்தா குக்கா? என்ன குக் பண்ணுவார்?”

அவ்வளவுதான் அண்ணே. உங்கள் மகனுக்கு அதில் வெட்கப்பட ஒன்றுமே தெரியவில்லை. இதற்காகத்தான் நீங்கள் அந்தத் தங்கத்தைத் தேய்த்தீர்கள், பெற்ற தகப்பனைக் கதவுக்குப் பின்னால் உட்கார வைத்தீர்கள்.

அப்பா உங்களை மன்னித்துவிட்டார். பாஸ்டர் என்னையும் மன்னிக்கச் சொல்கிறார். என்னால் முடியவில்லை, முடியாததில் வருத்தமும் இல்லை. உங்கள் அடக்கத்தன்று உங்கள் சைனிக்புரி நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து, “நீங்க யாரு?” என்று கேட்டார்கள். நானும் சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் சொன்னேன்: “நான் இவர் தங்கச்சி. சமையல்காரர் ஞானமுத்துவோட மக.”